பங்குனி உத்திரமும் ஒரு பழைய டேப் ரெக்கார்டரும்

போன மாதம் எங்கள் தெருவில் செல்போன் கோபுரம் வரப்போகிறது என்று ஒரே அமளி. அந்தச் சாக்கில், நான் முன்பு வேலை பார்த்த மீட்டர் சோதனைப் பிரிவில் இப்போது பொறியாளராக இருக்கும் செண்பகம் என் வீட்டுக்கு வந்தது. கையில் போன்.

"ஐயா, இப்பம் அளக்குததுக்குக் கருவியே வேண்டாம். போன்லயே காந்தம் காட்டுது பாருங்க" என்று ஃபிரிட்ஜ் பக்கத்தில் நீட்டியது. நாற்பதுக்கு மேல் ஏதோ காட்டியது. வீட்டில் என் மனைவி பதறிப் போய் மாவுச் சட்டியை வெளியே எடுத்துவிட்டாள்.

"சரிம்மா, அப்படியே பின்னால வா" என்று தென்னை மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். அங்கேயும் நாற்பது. சாக்கடை ஓரத்தில் நாற்பது. தெருமுனையில் படுத்திருந்த எருமை மாட்டுப் பக்கத்தில் நாற்பத்தொன்று.

"எருமைக்கு எப்பம்மா கனெக்‌ஷன் குடுத்தீங்க?" என்றேன்.

செண்பகத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் போன் காட்டுவது பூமியின் சொந்தக் காந்தம். அது எங்கே போனாலும் இருக்கும். பூமாதேவி மேல் மனுப் போட முடியாது. கரண்டுக் கம்பியைச் சுற்றி நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுகிற புலம் வேறு சங்கதி. "அப்பம் நீங்க அந்தக் காலத்துல என்னத்த வச்சு அளந்தீங்க?" என்று கேட்டது. கழித்துப் போட்ட மீட்டரின் சுருளும் ஒரு டேப் ரெக்கார்டரும் வைத்து என்றேன். நான் கதை விடுகிறேன் என்று அது நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. ஆகவே எழுதிவிடுகிறேன். நம்பினால் நம்பட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை விரிவாகச் சொன்னால் கொட்டாவிதான் வரும். தொழிற்பயிற்சி முடித்தேன், கம்பத்தில் ஏறினேன், ஒரு தடவை விழுந்தேன், இடுப்பு சரியில்லை என்று சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வீட்டு மீட்டர் வேகமாக ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா என்று பார்ப்பது வேலை. "வேகமா ஓடுது" என்று மனுக் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர். மெதுவாக ஓடுகிறது என்று இன்றுவரை ஒரு மனிதர் மனுக் கொடுத்து நான் பார்க்கவில்லை.

எங்கள் பிரிவுக்கு அதிகாரி லூர்து பர்னாந்து சார். கடற்கரை ஊர்க்காரர், வள்ளம் ஓட்டிய குடும்பம். அவர் யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நாம் போய் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் மேசை டிராயரைத் திறந்து ஒரு பென்சிலும் பாதி பிளேடும் எடுப்பார். பைய சீவுவார். நாம் அளந்து பார்த்ததைச் சொல்லும்வரை பிளேடு ஒரே சீராகப் போகும். 'இருக்கும் சார்', 'போலத் தெரியுது சார்', 'எல்லாரும் சொல்லுதாக சார்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், பிளேடு நின்றுவிடும். தலை நிமிராமல் கேட்பார்:

"அளந்தீரா, கேட்டீரா வே?"

அவ்வளவுதான். நாம் போட்ட சட்டை நனைந்துவிடும். அவருடைய அப்பா கடலில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பாராம். "அலை எம்புட்டு இரைஞ்சாலும் எங்கய்யா அதைக் கேக்க மாட்டாரு வே. குண்டு எங்க போய் நிக்குதுன்னுதான் பாப்பாரு" என்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்வார்குறிச்சியில் சங்கரலிங்கம் பிள்ளை என்று ஒருவர். ஓய்வுபெற்ற சார்பதிவாளர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார், அவருடைய பேனா பெறவில்லை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கென்றே ஒரு கோப்பு இருந்தது. எல்லா மனுவும் இடதுபக்கம் நாலு விரல் இடம் விட்டு, பத்திக்குப் பத்தி எண் போட்டு, அழகான கையெழுத்தில் இருக்கும். அதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது பங்குனி உத்திர மனு. வருஷா வருஷம் தவறாமல் வரும்.

'ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று, ஊரில் மற்றெல்லா வீடுகளிலும் மின்சாரம் இருக்க, என் வீட்டின் பின்கட்டில் மட்டும் காலை முதல் மறுநாள் வரை நின்றுவிடுகிறது. இது தற்செயலா, திட்டமிட்ட செயலா என்று அறிய விரும்புகிறேன்.'

மறுநாள் ஆள் போய்ப் பார்த்தால் எல்லாம் ஜோராக எரியும். பங்குனி உத்திரத்துக்கு இந்தப் பக்கத்து ஜனம் முழுக்கத் தங்கள் குலத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும். இவர் மட்டும் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். "சாஸ்தா கோவத்துல பியூசைப் புடுங்கிட்டாரு வே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்த முட்டாள்களில் முதல் முட்டாள் நான்.

அந்த வருஷம் சித்திரை மாதக் கடைசியில் அவரிடமிருந்து புது மாதிரி மனு வந்தது. ஏதோ வாரப் பத்திரிகையில் மின்கம்பிகளைச் சுற்றி இருக்கும் காந்தப் புலம் உடம்புக்கு ஆகாது என்று படித்திருக்கிறார். அவர் வீட்டுக்கு எதிர்த்த மூலையில் ட்ரான்ஸ்பார்மர். அவருக்கு மாதக் கணக்கில் தூக்கமில்லை, தலைக்குள் ரீங்காரம், டி.வி.யில் படம் நெளிகிறது. ஆகவே ட்ரான்ஸ்பார்மரைத் தெருவின் மறுகோடிக்கு மாற்ற வேண்டும். 'அங்கு குடியிருப்பு ஏதும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை மட்டுமே உள்ளது.'

அந்தத் தகரக் கொட்டகைக்குள் ஒரு தையல் மெஷினும் அதை மிதிக்கும் பேச்சியம்மாளும் இருந்தார்கள் என்பதை மனு சொல்லவில்லை. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். இடம் புறம்போக்கு. ஊரில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடச் சீருடை அவள்தான் தைப்பாள்.

சார் என்னைப் பார்த்துவரச் சொன்னார். நானோ அப்போதுதான் ஒரு வித்தை கற்றிருந்தேன். ட்ரான்சிஸ்டர் ரேடியோவை நிலையம் எதுவும் கிடைக்காத இடத்தில் வைத்துக்கொண்டு கம்பி ஓரமாக நடந்தால் இரைச்சல் கேட்கும். இந்த வித்தையைத் தெருவே பார்க்கக் காட்டினேன். ட்ரான்ஸ்பார்மர் அடியில் போனதும் ரேடியோ ஊளையிட்டது பாருங்கள், நாய்கள் எழுந்து ஓடிவிட்டன. பிள்ளை வீட்டு வாசலில் பாதி இரைச்சல். பேச்சியம்மாள் கொட்டகை அருகே கப்சிப்.

"பாத்தீரா, பாத்தீரா! அங்கன தேள் மாதிரி உக்காந்திருக்கு" என்று பிள்ளை கைதட்டினார். நானும் பெரிய விஞ்ஞானி போல ரேடியோவைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். என் வாயும் சும்மா இருக்கவில்லை. "அங்கன அதிகம்தான் அண்ணாச்சி, கொட்டகைப் பக்கம் ஒண்ணுமே இல்ல" என்று சொல்லி வைத்தேன்.

அவ்வளவு போதாதா அவருக்கு? அடுத்த மனு எங்களைத் தாண்டி மேலே போயிற்று. 'தங்கள் ஊழியரே பொதுமக்கள் முன்னிலையில் வானொலி மூலம் நிரூபித்தபடி' என்று அதில் ஒரு வரி. அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் நாலு பேர் பேசினார்கள். வைகாசி மூன்றாவது வெள்ளிக்கிழமை ட்ரான்ஸ்பார்மரை மாற்றுவது, அதற்குமுன் கொட்டகையை அகற்றுவது என்று உத்தரவு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுத் தளவாடத்தை விடுவிக்க வேண்டியவர் எங்கள் சார்.

பேச்சியம்மாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அழவில்லை. தோளில் அளவு நாடா தொங்க, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன் அண்ணாச்சி, உம்ம ரேடியோ இரைஞ்சதுக்கு என் கடை போகணுமா? பள்ளிக்கூடம் தெறக்க இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு. நூத்துச் சொச்சம் பிள்ளைய துணியை வெட்டிப் போட்டிருக்கேன். மெஷினைத் தலையில வச்சிக்கிட்டா தைக்க?" என்றாள். பிறகு என் சட்டையைப் பார்த்து, "தோள்பட்டை ஒரு இஞ்சு தூக்கிட்டு இருக்கு. தச்சவன் அளக்காமத் தச்சிருக்கான். உம்மளை மாதிரி" என்றாள்.

சார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பிளேடு நின்றது. நான் அவர் வாயைத் திறக்கக் காத்திருக்கவில்லை.

"கேட்டேன் சார். அளக்கல" என்றேன்.

வெட்கமாக இருந்தது. இன்று எழுதும்போதும் இருக்கிறது.

"அப்பம் போய் அளந்துட்டு வாரும். வெள்ளிக்கிழமை காலம்பற வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். அதுக்கு மேல என்னால தாங்க முடியாது" என்றார் சார்.

முதலில் லைன்மேனை ஏற்றி ட்ரான்ஸ்பார்மரைப் பார்க்கச் சொன்னோம். மேல் கம்பியிலிருந்து இறங்கும் இணைப்பு ஒன்று தளர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் பொறி விட்டுக்கொண்டிருந்தது. முடுக்கியதும் ரேடியோ செத்த மாதிரி அடங்கிவிட்டது. அந்த ரேடியோ காதில் விழுந்தது பொறி மட்டும்தான், காந்தப் புலம் அதற்குத் தெரியவே தெரியாது. ஆனால் பிள்ளை வீட்டு டி.வி. அப்போதும் நெளிந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் டி.வி.க்கு அருகில் ஆடுகிற காந்தப் புலம் இருந்தால் படம் நெளியும். காசில்லாமல் வீட்டுக்கு வீடு வைத்திருந்த நல்ல அளவுகோல் அது. ஆக, மனிதர் பொய் சொல்லவில்லை. ஏதோ இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கருவி வாங்கலாம் என்றால் அதற்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டும், பதில் வருவதற்குள் பேச்சியம்மாளின் பிள்ளைகளுக்கே கல்யாணமாகிவிடும். சார்தான் வழி சொன்னார். கழிவு மீட்டர் ஒன்றைப் பிரித்தேன். அதற்குள் தலைமுடி கனத்துக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள் ஒன்று இருக்கும். என் வீட்டு டேப் ரெக்கார்டரைத் திறந்து, கேசட்டைத் தொட்டுப் படிக்கும் தலையிலிருந்து இரண்டு வயர்களைக் கழற்றி அந்தச் சுருளில் பற்றவைத்தேன். பாட்டுப் போடும் பொத்தானை அமுக்கினால் கேசட் இல்லாமலே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். கரண்டு ஓடும் இடத்தில் பெரிதாகும், இல்லாத இடத்தில் சிறிதாகும். பதிவுப் பொத்தானை மட்டும் தொடக் கூடாது, அதில் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் புத்தி உண்டு. காதுக் குழாய் மாட்டும் துளையில் எங்கள் சாதாரண மல்டிமீட்டரைச் செருகினேன். காதுக்குக் கேட்டது முள்ளுக்கும் தெரிந்தது. ஒலி கூட்டும் குமிழ் நகராமல் இருக்க என் மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு மெழுகால் ஒட்டினேன். அன்றைக்கு அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

அளவுகோல் போடுவது அடுத்த வேலை. சோதனை அறையில் ஒற்றைக் கம்பியை உத்தரத்திலிருந்து நேராகத் தொங்கவிட்டு, திரும்பி வரும் கம்பியைச் சுவரோடு சுற்றித் தூரமாகக் கொண்டுபோனோம். இரண்டும் ஒட்டி ஓடினால் ஒன்று போடும் புலத்தை மற்றது அழித்துவிடும், பிரிந்து ஓடினால்தான் வெளியே தெரியும். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. கரண்டு ஓடுவதற்காக இஸ்திரிப் பெட்டியை மாட்டினோம். அது சூடேறியதும் 'டிக்' என்று தானே அணைந்து முள் விழுந்தது. பிறகு கரண்டு அடுப்பை மாட்டினோம். சும்மா எரிவானேன் என்று சார் அதில் தேயிலைச் சட்டியை ஏற்றினார். ஒரு அடி தூரத்தில் முள் எங்கே, இரண்டு அடியில் எங்கே, மூன்றில் எங்கே என்று பார்த்துக் கண்ணாடி மேல் மசிக் கோடு போட்டேன். தூரம் இரண்டு மடங்கானால் அளவு பாதியாக வேண்டும், ஆயிற்று. "ஒரு ஆம்பியர், ஒரு மீட்டர் தூரம், காந்தப் புலம் ரெண்டு மில்லிகாஸ். இதை மட்டும் மனசுல போட்டுக்கிடும்" என்றார் சார். தேயிலைத் தண்ணீரும் நன்றாக இருந்தது.

அளக்கும் முறையையும் அவரே வகுத்துக் கொடுத்தார். ஒவ்வோர் இடத்திலும் சுருளை நிமிர்த்தி ஒன்று, கிடத்தி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று தடவை பார்த்து அதிகமானதை எழுத வேண்டும். இன்னொன்று, எதைச் சந்தேகிக்கிறோமோ அதை அணைத்துப் பார்க்காமல் குற்றவாளி என்று சொல்லக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் ஆழ்வார்குறிச்சியில் போய் இறங்கினேன். ட்ரான்ஸ்பார்மர் அடியில் முள் நன்றாக ஏறியது. பிள்ளைக்கு வாயெல்லாம் பல். பத்து எட்டு தள்ளி வந்ததும் சரசரவென்று இறங்கியது. அவர் வாசலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பல் மறைந்தது. முன்கட்டில் அதே. பின்கட்டில் கால் வைத்தேன், ட்ரான்ஸ்பார்மரை விட்டு இன்னும் தூரமாகப் போயிருக்கிறேன், முள் குப்பென்று ஏறுகிறது! கட்டில் தலைமாட்டில் அதிகம். பக்கச் சுவரை ஒட்டினால் இன்னும் அதிகம்.

கொண்டுபோயிருந்த கரண்டு அடுப்பை முன்கட்டில் போட்டேன். மாற்றமில்லை. பின்கட்டில் போட்டேன். டேப் ரெக்கார்டர் முக்கியது, டி.வி.யில் செய்தி வாசித்த அம்மாள் இடுப்பை ஒடித்து ஆட ஆரம்பித்தாள். அவர் வீட்டு மெயினை அணைத்தேன். எதிரே ட்ரான்ஸ்பார்மர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, முள் படுத்துவிட்டது.

"அண்ணாச்சி, தேள் அங்கன இல்ல. உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்றேன்.

"என்னவே சொல்லுதீரு? நான் பக்கத்துல நின்னு போட வச்ச வயரிங் வே!"

மெயினைப் போட்டுவிட்டு, இடுக்கி மாதிரி வாய் திறந்து கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் எங்கள் டாங் டெஸ்டரை எடுத்தேன். போகிற கம்பி, வருகிற கம்பி இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்ட வேண்டும். போனதெல்லாம் வரவேண்டுமே! இங்கே நாலு ஆம்பியர் காட்டியது. போன கரண்டில் நாலு ஆம்பியர் வீடு திரும்பவில்லை. வேறு எந்த வழியாகத் திரும்புகிறது? சுருளைச் சுவரில் வைத்து முனகலைப் பின்தொடர்ந்தேன். பக்கச் சுவரில் ஏறி, உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் குதித்துவிட்டது.

"அந்தப் பக்கம் யாரு வீடு?" என்று கேட்டேன். பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த பேச்சியம்மாள்தான் சொன்னாள்:

"அவுக தம்பி கோமதிநாயகம் அண்ணாச்சி வீடு. பேச்சு வார்த்தை இல்ல. ஒம்பது வருசமாச்சு."

ஒரே பெரிய வீடு. பாகப் பிரிவினையில் நடுவே சுவர் எழுப்பினார்களாம். ஊஞ்சல் பலகை அண்ணன் பங்குக்கும், அதை மாட்டும் கொக்கி தம்பி பங்குக்கும் போய், அதில் மூண்ட சண்டை. நாலாயிரம் பத்திரம் பதிந்த மனிதருக்குச் சொந்த வீட்டைப் பிரிக்கத் தெரியவில்லை. சுவர் கட்டியபோது பின்கட்டின் திரும்பு கம்பி அறுபட்டிருக்க வேண்டும். வயர்மேன் சோம்பேறித்தனமாக அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்த கம்பியில் முறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். விளக்கு எரிந்தது, யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் போகிற கரண்டு அந்த வீட்டு வழியாகத் திரும்புகிறது. அந்தப் பெரிய வளையத்துக்குள்தான் பிள்ளை கட்டில் போட்டு, தூக்கம் வரவில்லை என்று மனு எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் புலத்தால்தான் தூக்கம் போயிற்றா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது டாக்டர்கள் பாடு.

"உங்க தம்பி வீட்டு மெயினை ஒரு நிமிசம் அணைச்சுப் பாத்தா நிச்சயமாத் தெரிஞ்சிரும். ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன்.

"அவன்கிட்டயா? செத்தாலும் மாட்டேன். நாளைக்கு ட்ரான்ஸ்பார்மரை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தீர்களா நியாயத்தை! இரண்டு டன் இரும்பை நகர்த்தலாம், ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கலாம், ஒரு கதவை மட்டும் தட்டக் கூடாது. எனக்கு வந்த கோபத்துக்கு டாங் டெஸ்டரால் அவர் மூக்கைக் கவ்வியிருப்பேன்.

"நீங்க கேக்க வேண்டாம். ரெண்டு வீட்டுக்கும் ரவிக்கை தைக்கது நாந்தான், நான் கேக்கேன்" என்று பேச்சியம்மாள் கிளம்பிவிட்டாள். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் அவள் குரல்: "ஏ மதினி, மெயினை ஒரு நிமிசம் அணைங்க!"

இந்தப் பக்கம் பிள்ளை வீட்டுப் பின்கட்டு முழுக்கச் செத்தது. டி.வி. போயிற்று, விசிறி போயிற்று, அடுப்பு கறுத்தது. முன்கட்டு விளக்கு மட்டும் எரிகிறது. பிள்ளை திகைத்து நிற்கிறார். என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. பங்குனி உத்திரம்! தம்பி குடும்பம் வீட்டைப் பூட்டி, போகிற கம்பி, திரும்பு கம்பி இரண்டையும் வெட்டும் மெயினை அணைத்துவிட்டுச் சாஸ்தா கோயிலுக்குப் போகும் நாள் அது. இத்தனை வருஷ மனுவைக் கையில் வைத்துக்கொண்டு சாஸ்தா மேல் பழி போட்டோமே!

பேச்சியம்மாள் அங்கிருந்தே கத்தினாள்: "என்ன அண்ணாச்சி, பங்குனி உத்திரம் வந்துட்டா?"

எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே, கரண்டு இருந்தால் விளக்கு எரியும் ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டரைப் பிளக்கில் வைத்தேன். இரண்டு துளையிலும் எரிந்தது. என் சிரிப்பு நின்றது.

"அண்ணாச்சி, உங்க கரண்டு திரும்ப வழியில்லாம உங்க தம்பி வீட்டு வயர்ல நிக்குது. மெயினை அணைச்சாச்சுன்னு நம்பி அங்கன யாராச்சும் தொட்டா..."

முடிக்கவில்லை. சுவருக்கு அப்பால் ஓர் ஆண் குரல், நிதானமாக: "அணைச்சதுதான் அணைச்சாச்சு. ஏட்டி, அந்த ஸ்டூலை எடு. மேல அந்தப் பெட்டிக்குள்ள வயர் ஒண்ணு லூசா இருக்கு, அப்படியே முறுக்கி விட்டுருதேன்."

ஆளை அனுப்பி மெயினை அணைக்கச் சொன்னவன் நான், இதைச் சொல்லி அனுப்பாதவனும் நான். அதற்குள் என் காதருகே ஓர் அலறல்.

"ஏலே கோமதி! தொடாதலே! தொடாத! எறங்குலே கீழ!"

சங்கரலிங்கம் பிள்ளை இரண்டு கையாலும் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். வேட்டி நழுவியது தெரியவில்லை. நான் ஓடிப்போய் இந்த வீட்டு மெயினை அணைத்தேன். திரும்பி வந்தபோது சுவருக்கு இரு பக்கமும் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக:

"அண்ணே?"

பிள்ளை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "தொட்டிருந்தான்னா?" என்று என்னைக் கேட்டார். "இத்தனை வருசத்துல ஒரு நாள் தொட்டிருந்தான்னா?" என்று மறுபடி கேட்டார். மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் கண்ணைத் துடைத்தேன், அதை மறைப்பானேன்.

தம்பி நடந்து வரவில்லை, வாசல் வழியாக ஓடி வந்தார். அவர் பின்னால் வந்த பேச்சியம்மாள் மட்டும் எப்போதும் போல, "அண்ணாச்சி, வேட்டி" என்றாள்.

அன்று மதியமே வேறு வயர்மேனைப் பிடித்துப் பின்கட்டின் திரும்பு கம்பியைச் சொந்த மெயினுக்கே கொண்டுவந்து சேர்த்தோம். டாங் டெஸ்டர் பூஜ்யம் காட்டியது. செய்தி அம்மாள் நேராக நின்று வாசித்தாள். கட்டில் தலைமாட்டில் முள் எழுந்திருக்கவே இல்லை. சாரிடம் போய் அடி அடியாக எழுதியதைப் படித்தேன். பிளேடு ஒரு தடவைகூட நிற்கவில்லை. முடித்ததும், "ஆளை உள்ள அனுப்புமுன்ன உம்ம புத்தியை அனுப்பியிருக்கணும் வே" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை. பிள்ளை தம் மனுவைத் திரும்பப் பெறுவதற்கு மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதினார். சீருடைகள் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் தைத்து முடிந்தன. என் சட்டைத் தோள்பட்டையையும் பேச்சியம்மாள் பிரித்துச் சரிசெய்தாள்.

அடுத்த பங்குனி உத்திரம் கழிந்து இரண்டு நாள் இருக்கும். பேச்சியம்மாள் கொட்டகைக்கு விளக்கு இணைப்புக் கேட்டு அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு உறை. "பெரிய அண்ணாச்சி குடுத்து விட்டாக" என்றாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைச் சாரிடம் நீட்டிவிட்டேன். சார் பிரித்து, பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

'1. ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று என் வீட்டின் பின்கட்டில் ஏற்படும் மின்தடை குறித்து முன்னர் எழுதிய மனுக்களைப் பார்வையிடவும்.

2. இவ்வாண்டும் அவ்வாறு தடை ஏற்பட்டதா என்று தெரிவிக்க வேண்டியது என் கடமையாகும்.

3. ஆயினும் அன்று நானும் என் தம்பியும் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குச் சென்றிருந்தபடியால், வீட்டில் மின்சாரம் இருந்ததா இல்லையா என்று சொல்ல இயலவில்லை.'

சார் பென்சிலைச் சீவவில்லை. மனுவின் ஓரத்தில், அந்த நாலு விரல் இடத்தில், ஒரு வரி எழுதிக் கோப்பில் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

'அளக்க வேண்டியதில்லை.'